ஹெல்மெட் போட்ட ஆறு பெண்கள்

ஐந்தடி நீள பிவிசி பைப் ஒன்றைத் தோளில் சாத்திக்கொண்டு, சேலையும் ஸ்வெட்டருமாக நடந்து வரும் ஐம்பத்துநாலு வயதுப் பெண்மணியைச் சந்தேகப்படாத சுங்க அதிகாரி அந்த வேலைக்கு லாயக்கில்லாதவர். துபாயில் எனக்கு வாய்த்தவர் லாயக்கானவர். பைப்பைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். பாளையங்கோட்டை இரும்புக் கடையில் வாங்கிய அசல் குடிநீர்க் குழாய் அது. இரண்டு பக்கமும் மூடி போட்டு செல்லோடேப் சுற்றியிருந்தேன்.

"உள்ளே என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஓவியம். ஆறு ஓவியங்கள். லக்ராஸ்."

அவருக்கு அந்தச் சொல் புரியவில்லை. அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆறு மாதத்துக்கு முன்புவரை எனக்கும் புரியாத சொல்தான். மூடியைத் திறந்து, சுருட்டிய கேன்வாஸை ஒரு சாண் இழுத்தார். ஒரு ஹெல்மெட்டும் பாதித் தோளும் தெரிந்தன. "ஐஸ் ஹாக்கியா?" என்றார். "அதற்கு அக்கா முறை" என்றேன். சிரிக்காமல் என்னைப் போகச் சொன்னார்.

நான் ஓவிய ஆசிரியை. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பது வருடமாக மாம்பழமும் பூந்தொட்டியும் வரையக் கற்றுத் தருகிறேன். ஓய்வு நேரத்தில் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் கபடி ஆடுவதைப் பெரிய பெரிய படங்களாக வரைந்து முகநூலில் போட்டிருந்தேன். அதைப் பார்த்தவள் பர்வீன். மேலப்பாளையத்துப் பெண், என் பழைய மாணவி. இப்போது துபாயில் அல் குசைஸில் குடியிருக்கிறாள். அவள் மகள் நஸ்ரின் லக்ராஸ் ஆடும் கிளப்பில் புது ஹால் கட்டியிருக்கிறார்கள், சுவரில் மாட்ட அசல் ஓவியங்கள் வேண்டும் என்று பயிற்சியாளர் தேடியிருக்கிறார். பர்வீன் என் கபடிப் படங்களைக் காட்டி, "எங்க டீச்சர் வரைஞ்சது" என்றிருக்கிறாள். அப்படி வந்த வாய்ப்பு.

லக்ராஸ் என்றால் என்னவென்று கேட்கக் கூச்சம். டீச்சருக்குத் தெரியாதது உண்டா? அக்கா மகனைக் கூப்பிட்டு வீடியோக்கள் எடுத்துத் தரச் சொன்னேன். நீளக் கம்பு, அதன் நுனியில் சின்ன வலை, அதில் ரப்பர் பந்தை ஏந்திக்கொண்டு ஓடுகிறார்கள், எறிகிறார்கள், பிடிக்கிறார்கள், எதிராளியின் கோல் வலைக்குள் வீசுகிறார்கள். எல்லா வீடியோவிலும் எல்லார் தலையிலும் கம்பிக் கூண்டு வைத்த ஹெல்மெட். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏனென்றால் எனக்கு முகம் வராது. கை கால் ஓட்டம் எல்லாம் வரும், முகம் மட்டும் காலை வாரும். எங்கள் தலைமையாசிரியை ஓய்வு பெற்ற நாளில் நான் அவரை வரைந்து பரிசாகக் கொடுத்தேன். மேடையிலேயே, "இது யாரு, எங்க அம்மாவா?" என்று கேட்டுவிட்டார். அன்றோடு முகத்துக்கு முழுக்குப் போட்டிருந்தேன். கபடிப் படங்களில்கூட எல்லாரும் குனிந்துதான் இருப்பார்கள்.

ஆக, ஐந்து படத்தில் ஓடுகிறவர்கள், ஒன்றில் கோல் வாசலில் நிற்பவள், ஆறிலும் ஆறு ஹெல்மெட். கம்பிக்குப் பின்னால் கறுப்பு அடித்துவிட்டேன். பெண்கள் அணி என்பதால் ஒவ்வொரு ஹெல்மெட்டுக்குக் கீழும் ஒரு ஜடை. வாராவாரம் படத்தைப் போனில் பிடித்து பர்வீனுக்கு அனுப்புவேன். "மாஷா அல்லாஹ், அப்படியே இருக்கு டீச்சர்" என்று பதில் வரும்.

திங்கட்கிழமை காலை அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அல் குசைஸில் மூன்றாவது மாடி, இரண்டு அறை. கீழே ஒரு மலையாளி டீக்கடை, ஒரு பலசரக்குக் கடை, ஒரு சலூன். லிஃப்டில் ஏறிய ஐந்து பேரும் ஐந்து மொழி பேசினார்கள்.

"வந்திட்டியளா டீச்சர்? என்ன இப்படி மெலிஞ்சிட்டிய?" என்றாள் பர்வீன். நான் மெலியவில்லை. ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது. இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் வைத்தாள். பின்னாலேயே இனிப்புக்கு வட்டலப்பம். கருப்பட்டியை ஊரிலிருந்து யாரோ வரும்போது சொல்லி வாங்கி வைத்திருக்கிறாள். விமானத்தில் கொடுத்த காய்ந்த ரொட்டிக்கு அன்றுதான் விமோசனம்.

சாப்பிடும்போதே விஷயத்தைச் சொன்னாள். அவள் கணவர் காதருக்கு ருவைஸில் வேலை, சைட்டில் ஸ்டோர் பொறுப்பு. துபாயிலிருந்து நாலு மணி நேரப் பயணம். சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கள் விடியுமுன் போய்விடுவார். மேட்ச் எல்லாம் சனிக்கிழமை காலையில். மூன்று வருடமாக நஸ்ரின் ஆடுகிறாள், அவர் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. இப்போது அந்த சைட் வேலை முடிகிறது. பரீட்சை முடிந்ததும் குடும்பத்தோடு ஊருக்கே திரும்புகிறார்கள். மேலப்பாளையத்தில் லக்ராஸுக்கு எங்கே போவது?

"வெள்ளிக்கிழமை சாயந்திரம் படம் தொறக்காகல்லா, அதுக்கு வாரேன்னு சொல்லிட்டாங்க. இஞ்சினியர் அரை நாள் விட்டிருக்காரு. சனிக்கிழமை காலைல திரும்ப டூட்டி. புள்ள ஆடுறத படத்துலயாவது பாக்கட்டும் டீச்சர். அவ அதையேதான் சொல்லிட்டிருக்கா."

எனக்குப் பெருமையாக இருந்தது. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு ஆறு படங்களையும் ஹாலில் தரையில் விரித்தோம். சோஃபாவை நிமிர்த்தி வைத்துத்தான் இடம் கிடைத்தது. மத்தியானம் நஸ்ரின் பள்ளியிலிருந்து வந்தாள். பதினைந்து வயது, என்னைவிட ஒரு பிடி உயரம். செருப்பைக் கழற்றிவிட்டு, படங்களைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"சூப்பரா இருக்கு டீச்சர்" என்றாள். பிறகு, "இவங்கல்லாம் யாரு? பாய்ஸ் டீமா?"

"பாய்ஸா? ஜடை போட்டிருக்கேனேட்டி" என்றேன்.

"பாய்ஸ்லயும் சில பேர் முடி வளப்பாங்க டீச்சர். கேர்ள்ஸ் ஹெல்மெட் போட மாட்டோம். கண்ணுக்கு மட்டும் கம்பி கண்ணாடி, வாய்க்குள்ள கார்டு. அவ்ளோதான். பாலும் ஒயிட் இல்ல, எல்லோ."

பர்வீனைப் பார்த்தேன். மூன்று வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் மைதானத்தில் உட்கார்ந்திருப்பவள் அவள்.

"எல்லாரும் ஹெல்மெட் போடுவாகல்லா?" என்றாள் மகளிடம்.

"உம்மா, நான் ஒருத்திதான் போடுவேன். நான்தான் கோல் கீப்பர்."

"நான் ஒன்ன மட்டும்தானட்டி பாப்பேன்" என்றாள் பர்வீன்.

கோபப்பட நினைத்தேன், முடியவில்லை. மூன்று வருடத்தில் மைதானத்தில் இருந்த மற்ற இருபத்து மூன்று பேரின் தலையையும் இவள் கவனிக்கவே இல்லை. அப்படியே கவனித்திருந்தாலும் தப்பு என்று டீச்சரிடம் சொல்லியிருக்க மாட்டாள். ஆறாம் வகுப்பில் நான் கரும்பலகையில் மயிலுக்கு ஒரு காலை மறந்தபோது, நாற்பது பிள்ளைகளும் ஒற்றைக்கால் மயிலைத்தான் வரைந்தார்கள். அந்த வகுப்பில் இவளும் இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை பயிற்சியாளர் வந்து பார்த்தார். பெயர் ஹெலன், கனடாக்காரர், மூட்டில் பட்டி கட்டியிருந்தார். முதலில் சிரித்தார். பிறகு குனிந்து ஒவ்வொரு படத்தையும் பார்த்தார். ஓடும் கால்களைத் தொடாமல் விரலால் காற்றில் பின்தொடர்ந்தார். இந்த ஆட்டம் தன் ஊர்ப்பக்கத்துப் பூர்வகுடிகள் ஆடியது, அவர்கள் அதை மருந்து என்பார்கள், உங்கள் படத்தில் அந்த வேகம் இருக்கிறது என்றார். நஸ்ரின் எனக்குப் பாதியைத் தமிழில் சொன்னாள்.

"ஆனால் பெண்கள் சுவருக்கு வந்து தங்களைத் தேடுவார்களே" என்றார் ஹெலன். "முகம் இல்லாமல் மாட்ட எனக்கு மனம் வராது. வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா? முடியாவிட்டால் திறப்பைத் தள்ளி வைப்போம், அடுத்த மாதம்கூட வைக்கலாம்."

அடுத்த மாதம் காதருக்கு இன்னொரு அரை நாள் கிடைக்காது. அதற்கு அடுத்த மாதம் இவர்களே இங்கே இருக்க மாட்டார்கள். நஸ்ரின் என்னைப் பார்த்தாள். "முடியும்" என்றேன். சொன்ன பிறகுதான் கணக்குப் போட்டேன். கோல் வாசல் படம் நஸ்ரினுக்கு என்று போக, ஐந்து முகங்கள், மூன்று நாள். என் வாழ்நாள் சாதனை அரை முகம்.

புதன்கிழமை பயிற்சியைப் பார்க்க மெட்ரோவில் கிளம்பினேன். பர்வீன் கார்டு வாங்கிக் கொடுத்து, இறங்கும் இடத்தை என் உள்ளங்கையிலேயே எழுதிவிட்டாள். பெண்கள் பெட்டியில் ஏறி உட்கார்ந்தேன். பதற்றம் வந்தால் எனக்குப் பசி வரும். கைப்பையில் கோவில்பட்டி கடலைமிட்டாய் இருந்தது. ஒரு கடி கடித்தேன், எதிரே இருந்த பிலிப்பைன்ஸ் பெண் கண்ணை அகல விரித்துச் சுவரைக் காட்டினாள். சாப்பிடக் கூடாது என்று பலகை, அபராதத் தொகையோடு. கடலைமிட்டாயை மெல்லாமல் விழுங்குவது எப்படி என்று யாராவது கேட்டால் நான் சொல்லித் தருகிறேன், அது நடக்காது. கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தக் கவலையில் இறங்க வேண்டிய ஸ்டேஷன் போய்விட்டது. திரும்பி வர இன்னொரு வண்டி. இரண்டு வண்டியும் சொன்ன நேரத்துக்கு வந்து போயின, தப்பு முழுக்க என்னுடையது. நம் ஊர் நாலாம் நம்பர் பஸ் என்றால் பழியைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

மைதானம் பச்சைப் பசேல் என்று இருந்தது. பாலைவனத்தில் புல்லுக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். எங்கள் பள்ளி மைதானத்தில் முளைத்ததை ஆடு தின்னும், மிச்சத்தை விளையாட்டு விழா தின்னும். அங்கே தள்ளுவண்டி இல்லை, ஐஸ் விற்பவர் இல்லை, மதில்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவர் இல்லை. அது மட்டும் எனக்குக் குறையாகத் தெரிந்தது.

நோட்டை விரித்து உட்கார்ந்தேன். முகத்தை வரையும்போது நான் இத்தனை காலம் செய்த தப்பு அன்றைக்குத்தான் பிடிபட்டது. உட்கார வைத்து, அசையாதே என்று சொல்லி வரைந்தேன். இவர்கள் ஒரு நொடிகூட நிற்கவில்லை. ஓடும்போது மூக்கு, திரும்பும்போது தாடை, பந்து கைக்கு வரும்போது நாக்கின் நுனி. ஒரு எகிப்துப் பெண் எறிவதற்கு முன் வலது புருவத்தை மட்டும் தூக்கினாள். ஒரு மலையாளிப் பெண் பந்தை விட்டுவிட்டால் கண்ணை மூடி மூன்று எண்ணினாள். நோட்டுப் பக்கத்தைப் புரட்டப் புரட்டக் கை தானாகப் போயிற்று. அழிரப்பரை நான் எடுக்கவே இல்லை. எனக்குப் பயங்கர சந்தோஷம்.

கோல் வாசலில் நஸ்ரின் நின்றாள். கழுத்துக்கு ஒரு தடுப்பு, நெஞ்சுக்கு ஒரு மெத்தை, தலையில் ஹெல்மெட், கையில் மற்றவர்களுடையதைவிட அகலமான வலை. அவளுடைய படத்தில் நான் செய்ததுதான் சரியாக இருந்தது.

வியாழக்கிழமை காலை சோஃபா மறுபடி நிமிர்ந்தது. ஐந்து ஹெல்மெட்டையும் வெள்ளை அடித்து மூடினேன், பந்துகளை மஞ்சளாக்கினேன். மத்தியானத்துக்குள் கம்பிக் கண்ணாடியோடு மூன்று முகம் வந்துவிட்டது. பர்வீன் பின்னால் நின்று, "இவ வெட்டுக்கிளி மாதிரி குதிப்பாளே, அவதான?" என்றாள். மற்றவர்களை இப்போதுதான் பார்க்க ஆரம்பித்திருந்தாள். குப்பூஸ் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து எனக்கு வாயில் ஊட்டினாள், என் இரண்டு கையும் பெயின்ட்.

ஆறாவது படம் வந்தபோதுதான் சண்டை.

"எல்லாப் புள்ளைக்கும் மூஞ்சி வச்சிட்டிய. எம்புள்ளைக்கு மட்டும் கறுப்பா?" என்றாள் பர்வீன். "ஹெல்மெட்ட கழட்டி இடுப்புல வச்சிருக்கிற மாதிரி வரைங்க டீச்சர். அவ வாப்பா வந்து எத பாப்பாங்க?"

"முடியாது உம்மா" என்றாள் நஸ்ரின். பரீட்சைக்குப் படிக்க அன்றிலிருந்து விடுமுறை விட்டிருந்தார்கள், வீட்டில்தான் இருந்தாள். "கழட்டுனா அது போஸ். போட்டோ ஸ்டுடியோ மாதிரி. வாப்பா நான் ஆடுறத பாக்கணும்."

"நீ யாருன்னே தெரியாதேட்டி."

"தெரியலன்னா நான் சொல்லிக்கிறேன்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நியாயமாகப் பார்த்தால் பர்வீன் சொல்வது எனக்கு எளிது. ஹெல்மெட் இல்லாத முகம் அப்போது எனக்குக் கைவந்துவிட்டது. முழுக் கம்பிக் கூண்டுக்குப் பின்னால் முகம் என்பது வேறு சங்கதி. ஆனால் இது அவள் படம். "போய் ஹெல்மெட்ட மாட்டிட்டு வா" என்றேன்.

ஜன்னலோரம் ஒரு மணி நேரம் முழு உடுப்போடு நின்றாள். அசையாதே என்று சொல்லவில்லை. பர்வீன் ஒரு சுருட்டிய சாக்ஸை எறிந்துகொண்டே இருந்தாள், இவள் தடுத்துக்கொண்டே இருந்தாள். கம்பிகளுக்கு நடுவில் இரண்டு கண், சாக்ஸ் கிளம்புமுன்பே அது வரும் பக்கத்துக்குப் போய்விடும். அந்தக் கண்ணைத்தான் பிடித்தேன். மெத்தைச் சட்டையைக் கழற்றியபோது மேல்கையில் வட்டமாக ஒரு கன்றல் இருந்தது.

"என்னட்டி இது?"

"பால் பட்டது. உம்மாவுக்குத் தெரியும். வாப்பாகிட்ட சொல்லல."

வெள்ளி காலை படங்களைச் சட்டத்தில் இழுத்து அடிக்க, தெருமுனைக் கடைக்குத் தூக்கிப் போனோம். கடைக்காரர் பெஷாவர்க்காரர், எல்லாரும் கான் பாய் என்கிறார்கள். எனக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, பர்வீன் நடுவில். "மீன் பிடிக்கிற வலையை வைத்துக்கொண்டு இந்தப் பெண்கள் ஏன் புல்லில் ஓடுகிறார்கள்?" என்று கேட்டார். விளையாட்டு என்றாள். "எங்கள் ஊர்ப் புல்லில் ஆடுகள்தான் ஓடும், அவற்றுக்குப் பதிலாகப் பெண்பிள்ளைகள் இப்படி ஓடினால் நன்றாக இருக்கும்" என்றார். தொழுகைக்குக் கடை சாத்துமுன் ஆறையும் முடித்துவிட்டார். யல்லா, யல்லா என்று அவரை அவரே விரட்டிக்கொண்டார்.

மாலை ஆறு மணிக்கு ஹாலில் துணியை விலக்கினார்கள். பெண்கள் சுவரை மொய்த்தார்கள். எகிப்துப் பெண்ணின் தகப்பனார் தன் மகளின் தூக்கிய புருவத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார், வீட்டிலும் இதே புருவம்தானாம். மலையாளிப் பெண்ணின் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவில்லை. சமோசாவும் பேரீச்சம்பழமும் தீர்ந்தன. ஏழு மணியாகியும் காதர் வரவில்லை. வழியில் லாரி விபத்து, வண்டிகள் நிற்கின்றன என்று போனில் சொன்னார். ஏழரைக்குக் கூட்டம் கலைந்தது. ஹெலன் விளக்கை அணைக்காமல், நாற்காலிகளைத் தேவைக்கு மேல் மெதுவாக அடுக்கினார். நஸ்ரின் வாசலிலேயே நின்றாள்.

எட்டு மணிக்கு வந்தார். சைட் பூட்ஸோடு, சட்டையில் புழுதியோடு. "டீச்சர், சொகமா இருக்கியளா?" என்று எனக்கு ஸலாம் வைத்துவிட்டு நேரே சுவருக்குப் போனார். முதல் படம், இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொரு முகத்தையும் கிட்டப் போய்ப் பார்த்தார். ஐந்தாவதைத் தாண்டி, ஹெல்மெட் போட்ட படத்தில் நிற்காமல் திரும்பி வந்தார்.

"நம்ம புள்ளைய காணோமே பர்வீன்?" என்றார். குரல் இறங்கியிருந்தது. பர்வீன் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

நஸ்ரின் அவர் கையைப் பிடித்து ஆறாவது படத்தின் முன் நிறுத்தினாள். "நான் இங்க வாப்பா."

அவர் குனிந்தார். கம்பிக்குள் பார்த்தார்.

"ஆமா" என்றார். "சின்னதுல கரண்டு போனா இப்படித்தான் முழிப்பா." பிறகு, "ஏன் ஒன்ன மட்டும் இப்படிப் பூட்டி வச்சிருக்காக?"

"எல்லாரும் விட்ட பால் எங்கிட்டதான் வரும் வாப்பா. நான் விட்டா கோல்."

"மேல படுமா?"

"படும்."

"வலிக்குமா?"

அவள் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள். அவர் அந்தக் கன்றலைத் தொட்டார், தடவவில்லை, விரலை மட்டும் வைத்தார்.

"நாளைக்கும் இருக்கா ஆட்டம்?"

"கடைசி மேட்ச் வாப்பா. பத்து மணிக்கு."

அவர் போனை எடுத்தார். படம் பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். யாருக்கோ அழைத்து இந்தியில் பேசினார். நஸ்ரின் எனக்கு மெல்லச் சொன்னாள்: "இஞ்சினியர் டீச்சர். நாளைக்கு டூட்டிக்கு வரலன்னு சொல்றாங்க. உடம்புக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்றாங்க. என் மகள் விளையாடுறான்னு சொல்றாங்க."

சனிக்கிழமை காலை வெயில் இதமாக இருந்தது. எனக்கு மாலையில்தான் விமானம், ஆகவே நானும் போனேன். எல்லாரும் கோட்டுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்க, காதர் கோல் வலைக்குப் பின்னால் போய் நின்றார். ஹெலன் அவரை இரண்டு முறை நகர்த்தி உட்கார வைத்தார், இரண்டு முறையும் எழுந்துவிட்டார். விதி ஒன்றும் தெரியாது. எதிர் அணி கோல் போட்டாலும் எழுந்து, "பரவால்ல புள்ள, பரவால்ல" என்று கத்தினார். அப்படிக் கத்த வேண்டிய தருணங்கள் நிறைய வந்தன. பதினொரு கோல் வாங்கித் தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

கடைசி நிமிடத்தில் ஒரு பெண் நேராக ஓடிவந்து எறிந்தாள். ஒரு சத்தம் கேட்டது. மஞ்சள் பந்து வலைக்குள் போகவில்லை, நஸ்ரினின் கம்பு நுனியில் இருந்தது. அணிப் பெண்கள் எல்லாரும் அவள்மேல் விழுந்தார்கள்.

காதர் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தார். பர்வீனிடம் கேட்டார், ஹெலனிடம் தமிழிலேயே கேட்டார், முன்பின் தெரியாத எகிப்துக்காரரிடம் கேட்டார், கடைசியில் என்னிடம் வந்து மூச்சு வாங்கக் கேட்டார்.

"பாத்தியளா டீச்சர்? பாத்தியளா?"

"பாத்தேன்" என்றேன். பொய். அந்த நேரம் நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.